வரியை மடிக்கட்டும், வெட்ட வேண்டாம்!

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளையோ, ஐ.டி.ஐ.யில் சி.என்.சி. கற்கும் பிள்ளையோ இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் சில பயிற்சி வகுப்புகளில் ஒரு அறிவுரை ஓடிக்கொண்டிருக்கிறது. "எடிட்டரில் ஆட்டோ ரேப் போட்டு வைத்துக்கொள், வரி நீண்டால் அதுவே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும், புரோகிராம் அழகாக இருக்கும்" என்கிறார்கள். அரைகுறை அறிவுரை இது. பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் நாளைக்கு வேலையையும் சேர்த்தே கெடுக்கும்.

'ரேப்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மடிப்பு. திரையில் இடம் போதாததால் நீள வரியை மடித்துக் காட்டும். கோப்பில் ஒரு புள்ளிகூட மாறாது. மற்றொன்று வெட்டு. நீங்கள் என்டர் தட்டாத இடத்தில் எடிட்டரே என்டர் தட்டி, அதைக் கோப்பிலும் எழுதிவிடும்.

செல்போனில் திருக்குறள் படியுங்கள். சின்னத் திரையில் ஒரு குறள் நான்கு வரியாகத் தெரியும். அதற்காகக் குறள் நான்கடி வெண்பா ஆகிவிடுமா? திரையைப் படுக்கப் போட்டால் மறுபடி இரண்டடி. அது மடிப்பு. அதே குறளை நான்கு வரியாகவே ஒருவர் அச்சடித்துக் கொடுத்தால் அது வெட்டு. திரும்ப ஒட்டும் வேலை நம் தலையில்.

கடிதத்தில் வெட்டினால் பெரிய நட்டம் இல்லை. பல புரோகிராம் மொழிகளில் வரி முடிவதற்கே பொருள் உண்டு. பிளஸ் டூ பாடத்தில் இருக்கும் பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேஷ் குறி போட்டு எழுதும் விளக்கம் அந்த வரி முடியும்வரைதான் விளக்கம். எடிட்டர் அதை நடுவில் வெட்டி, அடுத்த வரியில் ஹேஷ் போடாமல் விட்டால், மீதி வார்த்தைகளைக் கட்டளை என்று நினைத்து பைத்தான் பிழை சொல்லும். சாதாரண மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாக்கியத்தை வெட்டினாலும் பிழைதான். பிள்ளை தட்டியது சரி. ஆனால் செய்முறைத் தேர்வில் விழிப்பது பிள்ளைதான்.

பைத்தானாவது பிழை என்று கத்தும். சிப்காட் பட்டறைகளில் ஓடும் சி.என்.சி. மெஷினுக்கு அந்த இரக்கமும் கிடையாது. ஜி-கோடில் ஒரு வரி என்றால் ஒரு பிளாக். 'ஜி01 எக்ஸ்50 இசட்-20' என்று ஒரே வரியில் இருந்தால் இரண்டு அச்சும் ஒன்றாக நகர்ந்து லேத்தில் டேப்பர் வரும். அதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் நீளக் குறிப்பு எழுதுபவர்கள் உண்டு. வரி நீண்டு, எக்ஸுக்கும் இசட்டுக்கும் நடுவே எடிட்டர் வெட்டிவிட்டது என்று வையுங்கள். மெஷின் முதலில் எக்ஸில் போகும், பிறகு இசட்டில் போகும். டேப்பர் வர வேண்டிய இடத்தில் படி விழும். ஜி01 அடுத்த வரிக்கும் தொடரும் கட்டளை என்பதால் அலாரம்கூட அடிக்காது. ஜாப் ஸ்கிராப்புக்குப் போகும், டூலும் உடையலாம். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பையனிடம் "என்னடா புரோகிராம் போட்டாய்?" என்று கேட்பார்கள். எடிட்டரை யார் கேட்கப் போகிறார்கள்?

தமிழில் விளக்கம் எழுதும் பிள்ளைக்கு இன்னொரு அடி. 'கும்மிடிப்பூண்டி' என்பதில் நமக்கு 8 எழுத்து. யூனிகோடில் அது 16 குறியீடு. யூடிஎஃப்-8 கோப்பில் 48 பைட். எதை எண்ணி வெட்டுகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். பைத்தானோடு வரும் டெக்ஸ்ட்ரேப் கருவி குறியீட்டைத்தான் எண்ணும். அதனிடம் 'தொழிற்சாலை'யைக் கொடுத்து அகலம் 3 என்று சொல்லிப் பாருங்கள். 'தொழ', 'ிற்', 'சால', 'ை' என்று நான்கு துண்டு கையில் கொடுக்கும். மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்துப் போடும் கருவியிடம் வரியை வெட்டும் உரிமையைக் கொடுக்கலாமா?

"80 எழுத்துக்குள் வரி இருக்க வேண்டும் என்பது உலக வழக்கமாயிற்றே சார்" என்பார்கள். தெரியும். 1928-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். அந்தக் கணக்குதான் டெர்மினல் திரைகளுக்கும் வந்தது. பைத்தானின் நடை வழிகாட்டியும் 79 என்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. குட்டை வரி படிக்கச் சுலபம், இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். ஆனால் எங்கே உடைக்கலாம் என்பது எழுதுபவனுக்குத் தெரிய வேண்டும். பைத்தானில் அடைப்புக்குறிக்குள், காற்புள்ளிக்குப் பிறகு உடைத்தால் ஒரு குறையும் வராது. அந்த அறிவைக் கற்பிக்கத்தானே வகுப்பு? எண்ணிக்கை வந்ததும் வெட்டும் எடிட்டரிடம் அதை ஒப்படைத்துவிட்டால் பிள்ளை எதைக் கற்கும்?

பெற்றோரும் ஆசிரியர்களும் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். எடிட்டரில் வரி எண் தெரியும்படி வைத்து, என்டர் தட்டாமல் நீளமாக ஒரு வரி அடியுங்கள். வரி கீழே இறங்கியும் புது எண் வரவில்லையா? அது மடிப்பு, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். புது எண் வந்துவிட்டதா? அது வெட்டு, உடனே அணைத்துவிடுங்கள். விஎஸ் கோடில் ஆல்ட்டும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் வருவது மடிப்புதான். ஈமேக்ஸில் ஆட்டோ ஃபில் வெட்டும், விஷுவல் லைன் மடிக்கும். விம்மில் டெக்ஸ்ட்வித் 0 என்று இருக்கட்டும்.

பிள்ளை தட்டாத என்டர் பிள்ளையின் கோப்பில் இருக்கக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். தெரிந்த ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.