அரை டிக்கெட் பருவம்

ரயில்வே நிர்வாகத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் சொல்லட்டும். குழந்தைகள் விஷயத்தில் அவர்கள் போட்டு வைத்திருக்கும் ஒரு கணக்கு இருக்கிறதே, அது மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தமானது. 5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 நிரம்பும் வரையில் அரை டிக்கெட். அதற்கப்புறம் அவர் முழு மனிதர். உங்களையும் என்னையும் போல முழுக் கட்டணம் கொடுத்துவிட்டு, ஜன்னல் ஓரத்துக்கு ஆசைப்படாமல் உட்கார வேண்டியதுதான்.

2016-ம் வருஷத்தில் இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் செய்தார்கள். குழந்தைக்கென்று தனியாகப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். அம்மாவின் முதுகோடு ஒட்டிக் கொண்டு படுத்துக் கொள்வதானால்தான் பாதி. கட்டணம் மாறினாலும் பட்டம் மாறவில்லை. நம் வீடுகளில் குறும்பு செய்கிற வாண்டுக்கு இன்றைக்கும் "அரை டிக்கெட்" என்றுதான் பெயர்.

எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லாத டிக்கெட் ஒருவன், அரை டிக்கெட் ஒருத்தி. சின்னவனுக்கு 4 வயது. பெரியவளுக்கு 8. நானும் என் சகதர்மிணியும் ஆளுக்கு ஓர் ஆபீஸில் வேலை செய்கிறோம். இருவருடைய லீவும் ஒரே சமயத்தில் வாய்ப்பது, சூரிய கிரகணமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வருகிற மாதிரி. காலாண்டு லீவு வந்தால் அவளுக்கு ஆபீஸில் கணக்கு முடிக்கிற வேலை. தீபாவளி வந்தால் எனக்கு மலர் வேலை. அரையாண்டு லீவில் குழந்தைகள் இருவருக்கும் மாற்றி மாற்றி ஜலதோஷம். இப்படி வருஷம் முழுவதும் சில்லறையாகச் செலவழித்தது போக, மே மாதத்தில் சேர்ந்தாற்போல் ஒரு பத்து நாள் தேறும். அந்தப் பத்து நாளும் அம்பாசமுத்திரத்துக்கு அருகில், என் தாயார் தகப்பனார் இருக்கிற கிராமத்தில்.

இப்போது ரயில்வேக்காரர்களின் கணக்குக்கு வருவோம். அரை டிக்கெட் பருவத்தில் ஒரு குழந்தைக்கு எத்தனை கோடை விடுமுறை கிடைக்கிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 5, 6, 7, 8, 9, 10, 11. மொத்தம் ஏழு. வருஷத்துக்குப் பத்து நாள் வீதம் ஏழு வருஷத்துக்கு எழுபது நாள். தாத்தா வீடு, ஆச்சி வீடு என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தப் பெரிய சமாசாரம் எல்லாம் இந்த எழுபது நாளுக்குள் அடக்கம். எங்கள் பெரியவள் அதில் முப்பதைச் செலவழித்து விட்டாள். பாக்கி நாற்பது.

"ஏன், 12 வயசுக்கு மேலே ஊருக்குப் போகக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததுமே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்து விடுகிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, டியூஷன், நுழைவுத் தேர்வு. அப்படியே ஊருக்கு வந்தாலும் குழந்தை ஒரு மூலையில் கைப்பேசியோடு இருப்பாள். ஆச்சி இன்னொரு மூலையில் அவளைப் பார்த்துக் கொண்டே இருப்பாள். அதையும் விடுமுறை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தச் சொற்பக் கணக்கிலும் கைவைக்கிற காலம் ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச்சில் தேசம் முழுவதும் பிரயாணிகள் ரயில் நின்று போயிற்று. 2021 மே மாதத்திலும் ஊரடங்கு. அரை டிக்கெட் வயதில் இருந்த குழந்தைகளுக்கெல்லாம் ஏழில் இரண்டு கோடை அப்படியே போய்விட்டது. எங்கள் பெரியவளுக்கு அந்த முதல் வருஷத்தில் 2 வயது. ஆச்சி என்றால் கைப்பேசிக்குள் குடியிருக்கும் ஓர் அம்மாள் என்றே அவள் வெகு நாள் நினைத்துக் கொண்டிருந்தாள். ஆச்சிக்கு ஒரு முறுக்கு கொடுக்க வேண்டுமென்று அதைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்தும் பார்த்திருக்கிறாள்.

போகட்டும். ரயில்வேக்காரர்களின் கணக்கில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. அதை அவர்களே அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்த காலத்தில் நடந்ததில் உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது எதுவுமே நினைவில் நிற்பதில்லை என்று மனோதத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், குழந்தையாக இருக்கும்போது அதெல்லாம் ஞாபகம் இருக்கத்தான் செய்கிறது. பிறகுதான் கரைந்து போகிறது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 3 வயதுக் குழந்தைகள் தங்களுக்கு நடந்ததைத் தாயாரோடு பேசுவதைப் பதிவு செய்து வைத்துக் கொண்டு, சில வருஷம் கழித்து அவர்களையே மறுபடி விசாரித்தார்கள். 5 முதல் 7 வயதில் கேட்டபோது, நூற்றுக்கு 60-க்கு மேல் நினைவிருந்தது. 8, 9 வயதில் கேட்டபோது 40-க்கும் குறைந்து விட்டது. 2014-ல் வெளியான ஆராய்ச்சி இது.

ஆராய்ச்சி எதற்கு? எங்கள் வீட்டு மாட்டுப் பொங்கல் போதும். பெரியவளுக்கு 3 வயதில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். மாலை போடப் போனவளின் ரிப்பனைக் கன்றுக்குட்டி பிடித்து இழுத்துத் தின்றுவிட்டது. இரண்டு வருஷ காலம் பால்காரரிலிருந்து பள்ளிக்கூட டீச்சர் வரையில் ஒருவர் பாக்கி இல்லாமல் இந்தக் கதையைக் கேட்டாக வேண்டியிருந்தது. போன பொங்கலுக்கு ரயிலில் போய்க் கொண்டிருக்கும்போது, "ஊருக்குப் போனதும் உன் கன்னுக்குட்டியைப் பார்க்கலாமா?" என்றேன்.

"எந்தக் கன்னுக்குட்டிப்பா?" என்றாள்.

கோபித்துக் கொள்ள இதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவள் வாயால் நூறு தடவை கேட்ட கதை எனக்கு இருக்கிறது, அவளுக்கு இல்லை. பெற்றவர்களுக்கு இப்படி ஒரு தனிமை உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்து கொண்டேன்.

ஆனால் ஆச்சி இருக்கிறாளே, அவள் இதை எதிர்கொண்ட விதமே வேறு. பேத்தியைக் கையோடு தொழுவத்துக்கு அழைத்துக் கொண்டு போனாள். "ஏளா, இது யாருன்னு தெரியுதா? அன்னிக்கு உன் ரிப்பனைத் தின்ன கழுதை இதுதான். இப்போ இதுவே ஒரு கன்னு போட்டாச்சு. என்ன கலர் ரிப்பன் அது? ஆச்சிக்கு மறந்து போச்சே!" என்றாள். குழந்தை பசுவைப் பார்த்தாள். கன்றைப் பார்த்தாள். வெகு நேரம் யோசித்துவிட்டு, "சிவப்பா?" என்றாள். "ஆமா, சிவப்புதான்!" என்று ஆச்சி ஒரேயடியாகச் சத்தியம் செய்தாள். அது நிஜமான ஞாபகமோ, ஆச்சி தூண்டிவிட்டு முளைத்ததோ, யார் கண்டார்கள்? கதை மறுபடியும் அவளுடையதாகி விட்டது. அன்று சாயங்காலமே அண்டை வீட்டுக் குழந்தைகளைக் கூட்டி வைத்துச் சொல்ல ஆரம்பித்து விட்டாள்.

"மறந்து போச்சே" என்பது ஆச்சியின் பழைய தந்திரம். தினம் விளக்கு வைத்ததும் திண்ணையில் உட்கார்ந்து கொள்வாள். "இன்னிக்கு வாய்க்கால்ல என்ன நடந்துச்சு? ஆச்சிக்கு மறந்து போச்சு, நீ சொல்லு" என்பாள். குழந்தைகள் போட்டி போட்டுக் கொண்டு சொல்வார்கள். "அப்புறம்?" என்பாள். "செருப்பு தண்ணியில போச்சா? யாரு எடுத்தா?" என்பாள். சின்னவன் சொல்வதில் பாதி கற்பனை. அதையும் மறுக்காமல் கேட்டுக் கொள்வாள். மறுநாள் காலையில் பூக்காரி வந்ததும், குழந்தைகளை வைத்துக் கொண்டே அதே கதையை அவளிடம் சொல்வாள். வாய்க்காலில் நடந்தது ஒரு தடவை. திண்ணையில் நடப்பது மூன்று தடவை.

இது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஆனால் நியூஸிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மவோரி மக்களுக்கு, மற்றவர்களைக் காட்டிலும் இளம் பிராயத்து ஞாபகங்கள் இருக்கின்றனவாம். சராசரியாக 3 வயது நிரம்புவதற்கு முன்பே நடந்தது நினைவில் நிற்கிறது என்று 2000-ம் வருஷத்தில் கண்டு எழுதினார்கள். நடந்து போனதைக் குழந்தைகளோடு உட்கார்ந்து விஸ்தாரமாகப் பேசுகிற வழக்கம் அந்த ஜனங்களிடம் அதிகம். அதுதான் காரணமாக இருக்க வேண்டுமென்று நிபுணர்கள் கருதுகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகாத என் தாயார் திண்ணையில் செய்து கொண்டிருப்பது இதைத்தான்!

போன மே மாதம் குழந்தைகளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துக் கொண்டு போயிருந்தோம். 133 அடி வள்ளுவரைக் காட்டினோம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்களே, 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், அதிலும் நடத்திக் கூட்டிக் கொண்டு போனோம். காலுக்குக் கீழே கடல் கொந்தளித்தது. கார் வாடகை, படகு, சாப்பாடு என்று பர்ஸும் கொந்தளித்தது. சென்னைக்குத் திரும்பிய பிறகு, "லீவிலே உனக்கு எது ரொம்பப் பிடிச்சுது?" என்று பெரியவளைக் கேட்டேன். "கரண்ட் போச்சே, அன்னிக்கு எல்லாரும் மொட்டை மாடியிலே படுத்துக்கிட்டோமே, தாத்தா குறட்டை விட்டாங்களே, அது!" என்றாள். கண்ணாடிப் பாலம் ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் தாத்தாவின் குறட்டையைப் பற்றி மறுநாளிலிருந்து வீடே பேசிச் சிரித்தது; பாலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே வாசகர்களே, சொல்ல வந்தது இதுதான். குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது என்று நாம் அலைகிற அலைச்சலில் பாதிக்கு அவசியமே இல்லை. அழைத்துப் போன இடத்தைப் பற்றி அன்று இரவு அவர்களோடு பேசினோமா என்பதுதான் முக்கியம். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் வரும். "அந்தக் குரங்கு என்ன பண்ணிச்சு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள். கொஞ்சம் மறந்தது போல் நடியுங்கள். கைப்பேசியில் நானூறு படம் எடுத்திருப்பீர்கள். அவற்றில் பத்துப் படத்தையாவது குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அதில் நாலு, தாத்தாவும் பாட்டியும் இருக்கிற படமாக இருக்கட்டும்.

ஏனென்றால் குழந்தைக்கு ஏழு கோடை என்று கணக்குப் போட்டோம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எத்தனை கோடை என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. போடவும் மனம் வராது. என் தகப்பனாருக்கு இப்போது 76 வயது. ரயில் ஸ்டேஷனில் எங்களை ஏற்றிவிட்டு, வண்டி நகரும்போது பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வருவார். முன்பெல்லாம் பெட்டிக்குச் சமமாக வருவார். போன வருஷம் நாலு அடியோடு நின்று கையை மட்டும் ஆட்டினார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்குவதும் ஜூனில், பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தவர் குழந்தைகளுக்கு வேண்டாதவர் என்று என் மகள் அபிப்பிராயப்படுகிறாள். 2023-லும் 2024-லும் வெயில் கொடுமையால் பள்ளித் திறப்பைத் தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து அவள் வருஷா வருஷம் சூரிய பகவானிடம் மே மாதக் கடைசியில் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கிறாள். பெரியவர்கள் நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ரயிலில் முன்பதிவு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்து விட்டார்கள். மே முதல் வாரத்துக்கு மார்ச் முதல் வாரத்திலேயே டிக்கெட் எடுத்தாக வேண்டும். காலை 8 மணிக்குத் திறக்கிறது. விடுமுறை வண்டிகளில் இடம் நிமிஷமாய்த் தீர்ந்து போகிறது. அன்றைக்கு மட்டும் காப்பியைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டு, ஊருக்கு டிக்கெட்டை முதலில் எடுத்து விடுங்கள்.