உச்சரிப்புக்கு வயது உண்டு

போலந்துக்காரரான ஜோசப் கான்ராட் இருபது வயதுக்குப் பிறகு, பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்தபடிதான் ஆங்கிலம் கற்றார். அந்த மொழியின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவராகவும் ஆனார். ஆனால் 1924இல் இறக்கும்வரை அவர் பேச்சில் போலந்து வாடை போகவில்லை. பதினைந்து வயதில் அமெரிக்கா போன ஹென்றி கிஸிஞ்சருக்கும் ஜெர்மானிய உச்சரிப்பு கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது. நாக்கை மட்டும் குறை சொல்ல முடியாது; காதுக்கும் இதில் பங்கு உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கு அந்நிய மொழிகளின் ஒலி வேறுபாடுகளும் கேட்கின்றன. ஒரு வயதை நெருங்கும்போதே, வீட்டில் புழங்காத வேறுபாடுகள் அதன் காதில் மங்கத் தொடங்கிவிடுகின்றன. வளர்ந்தபின் தமிழ் கற்கும் வெளிநாட்டவரை ல, ள, ழ பாடாய்ப் படுத்துவது இதனால்தான்.

சொல்வளத்துக்கு அப்படியொரு கெடு இல்லை. இத்தாலியிலிருந்து முப்பது வயதையொட்டி இங்கே வந்த வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். ஆகவே நாற்பதில் இந்தியோ ஜெர்மனோ படிப்பவரின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பது வெறும் அறியாமை. சொல்வது எதிராளிக்குப் புரிந்தால் போதும். பிள்ளையை எல்கேஜியிலேயே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டு லண்டன் உச்சரிப்பை எதிர்பார்க்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: குழந்தை தினமும் யாரைக் கேட்கிறதோ அவரைப்போலத்தான் பேசும். வகுப்பில் பேசுவது லண்டன்காரர் அல்ல, நம்மூர் டீச்சர். அதில் குறையும் ஒன்றுமில்லை.