கேம் விளையாடுகிற பிள்ளையும் மெப் கட்டுகிற பிள்ளையும் ஒன்றல்ல



பெற்றோர் கூட்டம் வைத்தால் ஒரு முறைப்பாடு தவறாமல் வருகிறது. "சேர், இவன் ராப்பகலா கேம்தான். கொம்பியூட்டரைப் பூட்டி வைக்கப் போறம்."

ஐ.சி.டி. படிப்பிக்கிற நாங்கள் தலையாட்டுவோம் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆறு மணித்தியாலம் குந்தியிருந்து சுடுகிற பிள்ளைக்காக நாங்கள் வக்காலத்து வாங்க வரவில்லை. அவனை எழுப்பி மைதானத்துக்கு அனுப்புங்கள். ஆனால் பூட்டுவதற்கு முதல் திரையை ஒரு தடவை பாருங்கள். கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தால் அவன் விளையாடவில்லை. வேலை செய்கிறான்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 பழைய கேம். பலம் குறைந்த கொம்பியூட்டரிலும் ஓடும். அதில் ஓடித்திரிகிற இடத்துக்குப் பெயர் மெப். அதை யாரும் சொந்தமாகக் கட்டலாம். ஆனால் எடிட்டரில் சுவரும் தரையும் வரைந்தால் மட்டும் கேம் அதை ஏற்காது. நான்கு சின்ன புரோகிராம்கள் வரிசையாக அதில் வேலை செய்ய வேண்டும். சிஎஸ்ஜி, வரைந்த கட்டைகளை முகங்களாக வெட்டும். பிஎஸ்பி, அவற்றை மரக்கிளை போலப் பிரித்து அடுக்கும். விஸ், எங்கே நின்றால் எது தெரியும் என்று கணக்கிடும். ராட், வெளிச்சத்தையும் நிழலையும் போடும். முன்னது எழுதி வைப்பதைத்தான் பின்னது வாசிக்கிறது. வரிசை பிழைத்தால் மெப் இல்லை.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் இந்த நாலையும் கையால் அடிப்பது சள்ளை. அதனால் பிள்ளை நோட்பேடைத் திறந்து கட்டளைகளை வரிவரியாக எழுதி ஒரு பெட்ச் பைலாகச் சேமிக்கிறான். மெப்பின் பெயரை மேலே ஒரே இடத்தில் வைக்கிறான். அடுத்த மெப்புக்கு அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். கடைசி வரியில், முடிந்த பைலைக் கேமின் ஃபோல்டருக்குள் கொப்பி பண்ணச் சொல்கிறான்.

ஒரு வரி பிழைத்தால் விண்டோஸ் தானாக நிற்காது. அடுத்த வரிக்குப் போய்விடும். கேமுக்குள் பழைய மெப்பே கிடக்கும். "திருத்தினேனே, ஏன் மாறவில்லை?" என்று பிள்ளை மண்டையை உடைப்பான். பிறகு ஒவ்வொரு வரிக்கும் கீழே "பிழை வந்தால் இங்கேயே நில்" என்று ஒரு நிபந்தனை எழுதக் கற்றுக்கொள்வான்.

இதைத்தான் சாதாரண தர வகுப்பில் நாங்கள் தொடர், தெரிவு, மீள்செயல் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பாய்ச்சற் கோட்டுப்படம் கீறச் சொல்கிறோம். பாடமாக்கி எழுதிய பிள்ளை பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறது. பெட்ச் பைல் எழுதிய பிள்ளை மறக்காது. அதற்கு அது தேவைப்பட்டது.

பிழையை வாசிக்கிற பொறுமையும் இதில்தான் வருகிறது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தாலும் பிஎஸ்பி "லீக்" என்று சொல்லும். விஸ் ஓடாது. பிள்ளை லொக்கை வாசித்து, ஓட்டையைத் தேடி அடைத்து, மறுபடி ஓட்ட வேண்டும். பெரிய மெப் என்றால் ஒரு தடவைக்கு மணிக்கணக்கும் எடுக்கலாம். காத்திருக்கப் பழகாத தலைமுறை என்று பேசுகிறோமே, அந்தப் பிள்ளை காத்திருக்கிறது!

"சுடுகிற கேம்தானே" என்கிறீர்கள். நியாயமான கவலை. அதே முறையில் துவக்கே இல்லாத மெப் கட்டலாம். எங்கள் பாடசாலைக் கட்டடத்தையோ சந்தையையோ அளந்து கட்டச் சொல்லுங்கள். மகளுக்கும் சொல்லுங்கள். அடி, அங்குலக் கணக்கு தானாக வரும்.

"இதால சோறு வருமா?" என்றும் கேட்கிறீர்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கே ஹாஃப் லைஃப் என்ற கேமின் மேல் 1999இல் இரண்டு மாணவர்கள் கட்டியதுதான். அவர்களில் ஒருவரான மின் லே கனடாவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். அதை வால்வ் நிறுவனம் வாங்கி 2000இல் வெளியிட்டது. உலகமே விளையாடிய டஸ்ட் மெப்பை டேவ் ஜோன்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் பதின்ம வயதில் கட்டினார். எல்லாப் பிள்ளையும் அப்படி வராது. ஆனால் மூன்று மாதக் கோர்ஸுக்குக் காசு கட்டி, சட்டம் போட்ட சான்றிதழைச் சுவரில் மாட்டுவதால் மட்டும் எந்தப் பிள்ளையும் அப்படி வந்ததில்லை.

இனி ஒரு எச்சரிக்கை. வேறொருவர் எழுதிய பெட்ச் பைலை எடுத்து இரட்டை கிளிக் பண்ணுவது படிப்பல்ல. எங்கள் டியூசன் நோட்ஸ் பழக்கம் இதற்குள்ளும் வரும். ஆகவே வாப்பாமாரே, உம்மாமாரே, கொம்பியூட்டர் தெரியாவிட்டாலும் பிள்ளையிடம் இந்த மூன்றைக் கேளுங்கள்:

1. இந்த வரி என்ன செய்கிறது?
2. இது ஏன் அதற்கு முதல் வருகிறது?
3. இது பிழைத்தால் என்ன நடக்கும்?

மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னால், கொம்பியூட்டரைப் பூட்டாதீர்கள். நேரத்துக்கு மட்டும் எல்லை போடுங்கள். முழித்தால், பூட்டுவதற்கு முதல் அந்த பைலோடு எங்களிடம் அனுப்புங்கள். பாடசாலை விட்ட பிறகு உட்கார்ந்து, வரிவரியாகச் சொல்லிக்கொடுக்க நாங்கள் தயார்.