மூன்று வயதுப் பேய்

ஒக்டோபர் 31ஆம் திகதி பிள்ளைகளைப் பேய், சூனியக்காரி முதலிய வேடங்களில் அழைத்து வரவேண்டும் என்றும், சிறந்த வேடத்துக்குப் பரிசு உண்டு என்றும் திருகோணமலை முன்பள்ளியொன்று விடுத்த சுற்றறிக்கை, மூன்று வயதுப் பாலகனின் தகப்பன் என்ற ஹோதாவில் எனக்கும் கிடைத்தது. ஹலோவீன் என்பது நிலாவெளிக் கடற்கரைக்கு வரும் பரதேசத்தாரின் விநோதம் என்று நிம்மதியாக இருந்துவிட்ட எனக்கு, அது மாரி மழையோடு மழையாக உட்துறைமுக வீதியைத் தாண்டி என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது சற்று எரிச்சலையே தந்தது.

‘நமது கலாசாரம் என்னாவது?’ என்று பெற்றார் கூட்டத்தில் கொதித்தெழுந்தவர்களுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. பலூன் கட்டிக் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடியபோது கண்மூடியிருந்த கலாசாரம், கறுப்புத் துணியைக் கண்டதும் விழித்துக்கொண்டதாம்! பயங்கர ரூபம் பாலரின் மனத்தைக் கெடுக்கும் என்பவர்கள், பத்திரகாளி அம்மன் சந்நிதியில் தாயின் இடுப்பிலிருந்தபடியே கோரைப்பல்லையும் சூலத்தையும் பார்த்துக் கொட்டாவி விடும் குழந்தையை ஒருமுறை கவனிக்கட்டும்.

வேடம் நமக்குப் புதிதன்று. குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டிட்டுக் கண்ணேற்றை ஏமாற்றியதும், பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டிலே பிறந்ததற்குக் குப்பன் என்று பெயரிட்டு யமனையே ஏமாற்ற முயன்றதும் வேடமல்லாமல் வேறென்ன? அயர்லாந்துக் குடியானவன் அறுவடை முடிந்த இரவில் முகத்தை மறைத்து ஆவிகளை ஏமாற்றியதாகச் சொல்லப்படுவதும் இதே தந்திரந்தான். இந்த ஊரோ வேடத்தின் மறுபக்கத்தையும் கண்டது. கொன்ஸ்தந்தைன் டி சாவின் போர்த்துக்கேயச் சிப்பாய்கள் பிராமண வேடந்தரித்தே கோணேசர் ஆலயத்துள் புகுந்து சூறையாடினர் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் சரித்திரம்.

ஆக, என் ஆட்சேபம் பேயின்மீதன்று, பேயை விற்பவன்மீது. அமெரிக்கச் சில்லறை வர்த்தகர்களின் தேசியச் சம்மேளனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்நாட்டின் ஹலோவீன் செலவு 1,220 கோடி டொலர். அதிலே பிள்ளைகளின் வேடத்துக்கு 140 கோடி, நாய் பூனைகளின் வேடத்துக்கு 70 கோடி! குழந்தைக்கு இரண்டு டொலர், நாய்க்கு ஒரு டொலர் என்ற இந்த விகிதத்தை நான் காண்போரிடமெல்லாம் சொல்லி வருகிறேன். என் மனைவி நான்காம் முறை கேட்டு எழுந்து போய்விட்டாள். ஆயினும் சொல்வேன்: உடுத்தப்படும் ஜீவனின் சம்மதத்தைக் கேளாத விஷயத்திலே அங்கே நாய்க்கும் சேய்க்கும் பேதமில்லை.

இங்கே மட்டும் இருக்கிறதா? சென்ற வாணி விழாவில் என் மகனைத் திருஞானசம்பந்தராக்கினேன். மூன்று வயதிலே ஞானப்பால் உண்டு, பின்னர் நம் கோணமலைக்கும் பதிகம் பாடிய பெருமானின் வேடம் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாமற்போகுமா என்பது என் தர்க்கம். பொற்கிண்ணத்துக்காகத் தங்கத்தாள் ஒட்டிய தயிர்ச்சட்டியைக் கையிலே பிடித்தபடி, திருநீறு கண்ணில் விழுந்து எரிய, அவன் மேடையிலே தேம்பித் தேம்பி அழுதான். நானோ கைப்பேசியை உயர்த்தி, “இங்க பார் அப்பன், ஒருக்காச் சிரி!” என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அதே பிள்ளை, சுற்றறிக்கை வந்த மாலையில் கொடியிலிருந்த பழைய படுக்கை விரிப்பைத் தானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கதவு நிலையில் முட்டிக்கொண்டு, “பே!” என்று கத்திச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அவனுடைய பேய்க்குப் பார்வையாளர் வேண்டியிருக்கவில்லை, பரிசும் வேண்டியிருக்கவில்லை. மனம் அங்கேதான் இரண்டுபட்டது: அந்நியப் பேயில் அவன் கண்ட ஆனந்தத்தை என் சம்பந்தரால் ஏன் கொடுக்க முடியவில்லை?

ஆகவே, பேயையும் தடுக்கவேண்டாம், சம்பந்தரையும் தடுக்கவேண்டாம். பரிசைத் தடுங்கள், படத்தைத் தடுங்கள். கிழக்கு மாகாணத்தின் ஒவ்வொரு முன்பள்ளி வாயிலிலும் ஒரு கூடை வைத்துப் பெற்றாரின் கைப்பேசிகளை வாங்கிவிட்டால், பாலருக்கு நாம் பூட்டும் வேடங்களில் பாதி அன்றைக்கே கழன்று விழும். நாம் பூண்டிருக்கும் வேடங்களும் நாளடைவில் விழுந்தே தீரும்.