வெல்லத்தைக் குறைக்காதீர்கள்

சித்திரை பிறந்து, நத்தம், அழகர்கோவில் பக்கத்து மாங்காய் எங்கள் வில்லாபுரம் தள்ளுவண்டிகளில் ஏறிவிட்டால், காலை நடைக்கு வரும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், இனிப்பு மாங்காய்த் தொக்குக்கு வெல்லத்தைப் பாதியாக் குறைச்சிரலாமா? எனக்குத்தான் சுகர் இருக்கே!"

கூடாது என்பது என் கட்சி. சுகர் இருப்பவர் தட்டில் வைத்துக்கொள்ளும் அளவைக் குறைக்கட்டும். ஜாடியில் போடும் அளவில் கை வைக்க வேண்டாம். எனக்கும் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

நான் சொல்வது எண்ணெய் மிதக்கும் காரத் தொக்கு இல்லை. மாங்காயைத் துருவி, வெல்லம், மிளகாய்த்தூள், சுக்கு, கிராம்பு சேர்த்துச் சுருளக் கிண்டுவது. வெள்ளைக்காரன் இதைப் பாட்டிலில் அடைத்துச் 'சட்னி' என்று ஊருக்குக் கொண்டுபோனான். நமக்குச் சட்னி என்றால் இட்லிக்கு அரைப்பது, பெயர் மாறிப்போனது. குஜராத்திகள் துருவிய மாங்காயில் சர்க்கரை கலந்து, வாயில் துணி கட்டி, நாள்கணக்கில் வெயிலில் வைத்தே 'சுந்தோ' செய்கிறார்கள். மதுரை அக்னி நட்சத்திர வெயிலை நாம் வீணாக்குகிறோம் என்று எனக்கு எப்போதும் ஒரு குறை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய தொக்கை எங்கள் பள்ளி மதாம் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கொன்ஃபித்யூர்தான், கொஞ்சம் கோபமாக இருக்கிறது" என்றார். கொன்ஃபித்யூர் என்றால் ஜாம். அவர்கள் வீட்டுக் கணக்கு, பழம் எவ்வளவோ சர்க்கரையும் அவ்வளவு. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, "நமக்கு முக்கால் பங்கு போதும்டா, மீதியை உப்பும் காரமும் பாத்துக்கும்" என்றாள். அம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை.

ஓய்வுபெற்ற பிறகும் விதிப் புத்தகம் படிக்கிற பழக்கம் என்னை விடவில்லை. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் மாங்காய்ச் சட்னிக்குத் தனியாகவே ஒரு பகுதி இருக்கிறது. பழம் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பிஎச் 4.6க்கு மேல் போகக் கூடாது. ருசிக்காக யாரும் விதி எழுதுவதில்லை. வெல்லமும் உப்பும் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டால் பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. புளிப்பு மற்ற கிருமிகளைத் தடுக்கிறது. அம்மாவின் முக்கால் பங்கு அந்த விதிக்குள் கச்சிதமாக அடங்குகிறது.

என் கணக்கு இது. துருவிய மாங்காய் ஒரு கிலோ. கல்லாமை மட்டும் போட்டால் புளிப்புப் போதாது, நாட்டு மாங்காயாகப் பாதியாவது இருக்கட்டும். வெல்லம் 700 கிராம், கரைத்து மண் போக வடிகட்டியது. கல்லுப்பு 40 கிராம். எவர்சில்வர் பாத்திரம் போதும்; அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கிண்டக் கிண்ட, பாத்திரம் போக 1.35 கிலோவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். "பதம் கண்ணுக்குத் தெரியும்" என்று பெண்கள் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தராசுதான். மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைக்கரண்டி, கிராம்பு நாலு. கடைசியில் நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும். ஆறிய பிறகு ஈரமில்லாத ஜாடி.

இதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் மூன்று, நான்கு கிராம் சர்க்கரை உள்ளே போகும். தயிர்சாதத்துக்கு அது போதும். அதுவும் ஆகாது என்று உங்கள் டாக்டர் சொன்னால் தொடாதீர்கள். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்று பெயரை மாற்றினால் ரத்தம் ஏமாறாது.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருஷம், வெல்லம் நிறுத்துக் கொடுக்கும் வேலை வழக்கம்போல என்னுடையது. 700க்குப் பதில் 350 கொடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். கிண்டும்போதே, "என்னங்க, இன்னிக்கு இறுகவே மாட்டேங்குது" என்றாள். "மாங்காயில் தண்ணி அதிகம்" என்றேன். கோயம்புத்தூரில் மகள் மசக்கையில் இருந்தாள். வேறு எதுவும் இறங்கவில்லை, அம்மா தொக்குதான் வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஒரு பாட்டில் போயிற்று. மூன்றாவது வாரம் போன் வந்தது: "அம்மா, மேலே பச்சையா பூத்திருக்கு. கொட்டிட்டேன்." வீட்டு ஜாடியைத் திறந்தோம். அதிலும் அப்படியே. மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்புதான், பூஞ்சையின் வேர் உள்ளே ஓடியிருக்கும்.

முப்பது வருஷத்தில் அவள் போட்ட ஊறுகாய் ஒன்றுகூடக் கெட்டதில்லை. "என் கைராசி போயிருச்சுங்க" என்றாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குக் கெட்டதை அனுப்பிவிட்டேனே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த இரண்டு சித்திரைக்கும் மாங்காய் வாங்கவே விடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அலுவலகத்தில் 33 வருஷம், எந்தக் கோப்பிலும் என் பிழையை அடுத்தவர் தலையில் ஏற்றியதில்லை என்று பெருமை பேசுகிறவன் நான்.

மூன்றாம் வருஷம் பேத்தி, "ஆச்சி, மாங்கா!" என்று வண்டியைக் காட்டிக் கேட்டபோது, இவள், "ஆச்சிக்குச் செய்ய வராதுடா கண்ணு" என்றாள். அன்று ராத்திரி சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பாதியா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் இரண்டு கிலோ மாங்காய் வாங்கிவந்து முறத்தில் பரப்பினாள். தராசைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கரண்டியை என்னிடம் நீட்டினாள். இன்றுவரை கிண்டுவது நான், நிறுப்பது அவள்.