மின்விசிறி வாங்காத சைக்கிள்காரர்கள்

வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி என்றாலே ஸ்மார்ட் டிரெய்னர் வேண்டும், பெரிய திரை வேண்டும், மாதச் சந்தா வேண்டும் என்று ஒரு பேச்சு. விற்பவர்களுக்கு வசதியான பேச்சு!

1993 ஜூலையில் நார்வேயின் ஹாமர் நகரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ. சைக்கிளைத் தன் கையாலேயே செய்தவர். அதில் வாஷிங் மெஷின் பேரிங்கூட உண்டு. வீட்டில் அவர் மிதித்ததோ சாதாரண டர்போ டிரெய்னர். பின்சக்கரம் ஓர் உருளையில் உரசி ஓடும், அவ்வளவுதான்.

கையில் காசு குறைவு என்றால் இன்றும் அது போதும். பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை. மிச்சக் காசில் முதலில் பெரிய மின்விசிறி, பிறகு இதயத்துடிப்புப் பட்டை. சாலையில் எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும். அறையில் அது கிடையாது. உடல் சூடேறி, துடிப்பு எகிறி, காலில் வலு இறங்கிவிடும். ஆயிரம் டாலர் இயந்திரமும் இதைச் சரிசெய்யாது.

மாடி வீட்டுக்காரர் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வகைக்குச் செலவழிப்பது நியாயம். டயர் தேயாது, சத்தம் குறைவு. ஆனால் எவ்வளவு? 2022-இல் ஸ்விஃப்ட் ஹப் 499 டாலருக்கு வந்தது, வாஹூ கிக்கரின் புதிய மாடல் சுமார் 1,300-க்கு. அளவீட்டுத் துல்லியம் முன்னதில் 2.5 சதவீதம், பின்னதில் 1 சதவீதம். வாட் கணக்கில் பந்தயத்துக்குத் தயாராகிறவர் வாங்கட்டும். தொப்பை குறைக்க மிதிப்பவருக்கு அந்த ஒன்றரை சதவீதம் எதற்கு?

சந்தாவையும் சேர்க்க வேண்டும். ஸ்விஃப்ட் 2024-இல் மாதம் 15 டாலரிலிருந்து 20 ஆக்கியது. மாதாமாதம் கட்டினால் இரண்டே ஆண்டில் 480 டாலர், கிட்டத்தட்ட இன்னொரு டிரெய்னர்.