மைக் கைமாறட்டும்: கிராம சபைக்கு ஓர் அழைப்பு

கிராம சபை நாளில் பல ஊர்களில் காணும் காட்சி ஒன்றுதான். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை மளமளவென்று வாசிப்பார். வழக்கமாகப் பேசும் நாலு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துக் கலைவார்கள். வீடு திரும்பும் வழியில்தான் நிஜமான கூட்டம் தொடங்கும்: "மூணு மாசமா தெருவிளக்கு எரியல, யார்கிட்ட போய்ச் சொல்றது?"

வழியில் கேட்கும் அந்தக் கேள்வியைப் பந்தலிலேயே கேட்கப் பழகுங்கள் என்பதுதான், கிராம சபைக்குத் தவறாமல் போய்வரும் ஒரு குழுவினர் ஊர்மக்கள் முன் வைக்கும் வேண்டுகோள்.

தலைமைப் பண்பு என்றதும் பதவியும் மாலையும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. குழுவினர் நினைவூட்டுவதோ புதுக்கோட்டையின் சைக்கிள்களை. 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. கேலி கிளம்பாமல் இல்லை. ஆனால் கற்றவர் அடுத்தவருக்குப் பிடித்துவிட, பழக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி நகரத்துக்குள் வந்தார்கள். பஸ்ஸுக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திராமல் தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் முடிந்தது. அவர்களில் யாரும் பிறக்கும்போதே சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் அல்லர். பொது இடத்தில் பேசுவதும் அப்படித்தான். முதல் முறை கால் நடுங்கும்.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை இன்னொரு பாடம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஏறிக்கொண்டே போன மின்கட்டணம் அந்த ஊராட்சியை யோசிக்க வைத்தது. ஆர். சண்முகம் தலைவராக இருந்த 2006-இல், வங்கிக் கடனோடு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே சொந்தமாக நிறுவியது. தன் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. கணக்கை உட்கார்ந்து படித்ததில் தொடங்கிய வேலை அது.

படிக்கவும் கேட்கவும் சட்டம் இடம் தந்திருக்கிறது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஊராட்சியின் வரவு செலவு, வளர்ச்சித் திட்டம், பயனாளிகள் பட்டியல் எல்லாம் அங்கே பேசப்பட வேண்டியவை.

குழுவினர் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, பொழுது சாய்ந்ததும் தங்கள் தெருவில் ஒரு நடை நடந்து, எரியாத விளக்குக் கம்பங்களை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்கி ஒரு பக்க மனு எழுத வேண்டும். கூட்டத்தில் இரண்டே நிமிடம், குறைகளின் பட்டியலாக இல்லாமல் ஒரே ஒரு கோரிக்கையைப் பேச வேண்டும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் சேமிப்பையும் கடனையும் பைசா பிசகாமல் எழுதிவரும் பெண்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அந்தக் கைப்பழக்கத்தை ஊராட்சிக் கணக்கின் பக்கமும் திருப்பினால் போதும்.

ஏற்கெனவே பேசிப் பழகியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை மைக்கை இதுவரை வாய் திறக்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. பெண் தலைவராக இருக்கும் ஊரில் கேள்விக்குப் பதில் அவரிடமிருந்தே வரட்டும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் வீட்டுக்காரரிடமிருந்து வேண்டாம்.

வரும் அக்டோபர் 2 கூட்டத்தில் பேசத் தயங்குபவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவரலாம். யார் என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது, எப்போது முடித்துத் தருவதாகச் சொன்னார்கள் என்று எழுதி வைத்தால் போதும். நவம்பர் 1 கூட்டத்தில் முதலில் தேவைப்படுவது அந்த நோட்டுதான்.